ஒரு சொட்டுகூட இல்லாமல்

மழைக்காலம் முழுக்க வீட்டுக் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தொட்டியில் சேர்த்த மெஷினை, மலை மேல் உறைபனி விழத் தொடங்கியதும் ஜெசிந்தா தோட்டத்துத் தகரக் கொட்டகைக்குத் தூக்கி வந்தாள். அதன் தொட்டியைக் கழற்றிக் கவிழ்த்தாள். குழாயை ஊதினாள். துணியை உள்ளே விட்டுத் துடைத்தாள். "ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது" என்று முணுமுணுத்தபடி போர்வையைச் சுற்றிவிட்டுப் போனாள்.

மெஷினுக்குக் கோபம் வந்தது. "அத்தனையும் நான் சேர்த்த தண்ணி. எனக்குன்னு ஒரு வாய்கூட விட்டுவைக்கலை, பாருங்க!"

பக்கத்தில் இருந்த ஊறுகாய் ஜாடி சிரித்தது. "போன வருஷம் என்னைக் கழுவி, தண்ணியோட இங்கேயே மறந்துட்டா. குளிர்ல தண்ணி கட்டியாகி வீங்கிடுச்சு."

ஜாடியின் கழுத்திலிருந்து அடிவரை ஒரு விரிசல் ஓடியது.

"காலையில பார்த்துட்டு அழுதா. அதுக்கப்புறம்தான் எதை இங்க வச்சாலும் இப்படித் துடைக்கிறா."

மெஷின் போர்வைக்குள் ஒடுங்கியது. "அப்போ நான் முழுசா இருக்கிறது உங்களாலயா?"

"சும்மா தூங்குங்க" என்றது ஜாடி.

மறுபடி மழை பிடித்தது. ஜெசிந்தா மெஷினை வீட்டுக்குள் கொண்டுபோனாள். ஜாடியில் மண் நிரப்பி, ஒரு ரோஜாக் கன்றை நட்டு, ஜன்னலுக்குக் கீழே, மழை படாதபடி கூரைக்கு அடியில் வைத்தாள். முதல் நாள் மெஷின் மூச்சுவிடாமல் உறிஞ்சியது. நிறைந்த தொட்டியை எடுத்து வந்து அவள் ஜாடியில் ஊற்றினாள்.

"எல்லாத்தையும் எனக்கே குடுத்துட்டீங்களே, உங்களுக்கு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டது ஜாடி.

"எனக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம்" என்றது மெஷின்.