முப்பத்தொன்பது வரை சரி

"நிரூபிச்சியால? இல்லல்லா? பிறகு என்னத்துக்கு இப்படிக் கெடக்க?"

வனமாமலை கேட்ட கேள்வியில், சோற்றுத் தட்டோடு வாசலில் வந்து நின்ற முனியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருவரும் அவள் வீட்டு மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள். சுடலைக்கண்ணுவுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் முடிகிறது. யாரை நிரந்தரமாக்குவது என்று அதற்குப் பிறகுதான் சொல்வார்கள். பையன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, ஷிப்டுக்கும் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான்.

வனமாமலை படித்தது எம்.எஸ்சி. கணக்கு, பார்ப்பது வேறொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. மழை வரும்போல இருக்கிறது என்றால்கூட "புரூஃப் இருக்கா?" என்பான். அவனிடம் போய் ஆறுதலை எதிர்பார்க்க முடியுமா?

"ஏம்பா, மன்சனா நீ?" என்றாள் முனியம்மாள். "புள்ள பச்சத்தண்ணி பல்லுல படாம கெடக்குது. இப்பப் போயி கணக்கு கேட்டுகினு கீற?"

"இருங்கம்மா. ஏல சுடல, ஒனக்கு வேல போயிரும்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும் மக்கா?" சுவரிடம்தான் சொன்னான் சுடலைக்கண்ணு. "இதுவரைக்கும் எத்தன பேட்ச் போயிருக்கு. ஒருத்தனக்கூட எடுக்கல. என்ன மட்டும் எங்க எடுக்கப் போறான்? ஊருக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக? இனி இருந்துதான் என்ன பிரயோசனம்?"

"எத்தன பேட்ச் போயிருந்தாலும் அது உதாரணம்தான். நிரூபணம் இல்ல."

முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வனமாமலை பாயில் உட்கார்ந்தான். "கேளு. ஒரு எண்ண எடுத்து அத அதாலயே பெருக்கு. அந்த எண்ணையும் கூட்டு, நாப்பத்தொண்ணையும் கூட்டு. ஒண்ணு போட்டா நாப்பத்து மூணு வருது. ரெண்டு போட்டா நாப்பத்தேழு. மூணு போட்டா அம்பத்து மூணு. எல்லாம் பகா எண். பத்து போடு, இருவது போடு, முப்பத்தொம்பது வரைக்கும் போடு, அத்தனையும் பகா எண்தான். பாக்கிறவன் என்ன நெனப்பான்? எப்பவும் இப்படித்தான்னு அடிச்சுச் சொல்லுவான்."

"சொன்னா சொல்லட்டும்."

"நாப்பதுல ஒடஞ்சிரும்ல! ஆயிரத்து அறுநூத்து எம்பத்தொண்ணு வரும். நாப்பத்தொண்ணால வகுபடும்."

"கணக்குல ஒடையும். கம்பெனில ஒடையாது."

"கம்பெனிலயும் ஒடஞ்சிருக்கு."

சுடலைக்கண்ணு முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான்.

"ஒங்க கம்பெனிதான். நெல்லையப்பன்னு ஒருத்தன், நீ சேருறதுக்கு முந்தி இருந்தவன். ஒன்னய மாதிரியே கான்ட்ராக்ட். அவன பெர்மனென்ட் பண்ணுனாங்க. ஒருத்தன் போதும்ல. ஒருத்தனையும் எடுக்க மாட்டான்னு நீங்க சொல்லுத பேச்சு அதோட பொய்யாயிட்டு."

"நெசமாவா? லைன்ல யாருமே சொல்லலியே!"

"ஹெச்ஆர் போன்ல சொன்னத இந்தக் காதால கேட்டிருக்கேன். புரூஃப் இல்லாம நான் பேசுவனா?"

பேசமாட்டான். அது அந்த ரூமுக்கே தெரியும். ஊரை எரிச்சல்படுத்துகிற குணத்துக்கும் ஒருநாள் மதிப்பு வரத்தான் செய்கிறது.

சுடலைக்கண்ணு எழுந்து உட்கார்ந்தான். "அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு? நான் பாத்துப் பேசலாமா?"

முனியம்மாள் கையிலிருந்த தட்டை வாங்கி அவன் மடியில் வைத்தான் வனமாமலை. "மொதல்ல சாப்பிடு. கம்பெனி பஸ் வந்துரும்."

ரசஞ்சோறு முழுதும் உள்ளே போயிற்று. பையன் யூனிபார்மை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்கும்வரை முனியம்மாள் காத்திருந்தாள்.

பிறகு கேட்டாள். "வாத்யாரே, நெல்லையப்பன் உங்கண்ணன்தான?"

வனமாமலை பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"இதே ரூமுதான். அவனும் இப்டிதான் செவுத்தப் பாத்துகினு கெடந்தான். ஒருத்தனையும் எடுக்கல, என்ன மட்டும் எங்க எடுக்கப் போறான்னு அதே பேச்சு. கம்பெனில பேரு சொல்றதுக்கு முன்னாடியே செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போனவன் பொணமாத்தான் வந்தான். நீதான வந்து வாங்கினு போன? விசயம் தெரிஞ்சா ரூமுக்கு ஆளு வராதேன்னு நானும் வாய மூடிகினு கீறேன். அந்தப் பாவம் எனக்கு."

அவன் சுருட்டிய பாயை மூலையில் சாத்தினான்.

"மாசக் கடசில இவனையும் எடுக்கலன்னா இன்னா பண்ணுவ?"

"தெரியலம்மா."

காலித் தட்டைக் கையில் எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போவட்டும் வுடு. செத்தவன் பேர்ல சொன்னாலும் நல்ல பொய்தான் சொன்ன. புள்ள ஒருவேள சாப்ட்டுப் போச்சு."

"பொய் இல்லம்மா," என்றான் வனமாமலை. "அண்ணன் ரூம்ல வச்சிட்டுப் போன போன் எங்கிட்டதான் இருந்துச்சு. பதினாறாம் நாள் காரியத்தன்னைக்கு ஹெச்ஆர் கூப்பிட்டாங்க. 'நெல்லையப்பன், உங்கள பெர்மனென்ட் பண்ணியாச்சு, திங்கக்கெழம வந்து சேந்துக்கோங்க'ன்னு."