கப்பலில் காக்கா

லட்சத்தீவைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல் ஒரு குட்டித் தீவை நெருங்கியது. மேல்தளத்துக்கு மேலே கடற்பறவைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு வட்டமிட்டன.

"அங்க பாருங்க, மீனைக் கவ்வுது!" என்று மாலதி துள்ளினாள்.

அவள் கணவன் பொன்ராஜால் ரசிக்க முடியவில்லை. தீவு நெருங்கியதும் சிக்னல் வந்து, அவனது செல்போன் ஒலித்தது. ரெட்டியார்சத்திரத்திலிருந்து அம்மா.

"எங்க இருக்கோம்னு உளறிராதீங்க" என்றாள் மாலதி.

தயங்கித்தான் எடுத்தான்.

"அப்பு, சாப்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"அதென்ன, அங்கன ஒரே பறவைச் சத்தமா இருக்கு?"

அவன் அவசரமாகச் சமாளித்தான். "காக்காம்மா. அம்புட்டும் காக்கா."

 மறுமுனையில் அம்மாவின் குரல் உடைந்தது.

"உங்கப்பா போனதுலருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் சோறு வைக்கிறேன். ஒரு காக்கா வந்து தொடலப்பா. எம்மேல என்ன கோவமோன்னு மருகிக் கெடந்தேன். இன்னைக்கு ராமேஸ்வரத்துல நீ எள்ளும் தண்ணியும் விட்டதும் மனசு எறங்கி வந்துட்டாரு பாரு!"

"அம்மா... நான்..."

அதற்குள் அம்மா, "சொர்ணலட்சுமி, அவரு வந்துட்டாராம்டி!" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூவி அழைத்தபடி போனை வைத்துவிட்டாள்.

பொன்ராஜ் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினான். ஒரு தட்டில் வெறுஞ்சோறு வாங்கிவந்து கைப்பிடிக் கம்பியோரம் வைத்தான்.

"என்னங்க செய்றீங்க?" என்றாள் மாலதி.

அவன் வானத்தைப் பார்த்து, "கா... கா..." என்று கூப்பிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பறவைகள் சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. தொண்டை கம்மும்வரை அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.