ஒரே அச்சு

இரண்டு ஜோடிகளும் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தார்கள்.

தட்டைத் தூக்கும்போது கால் தடுக்கிவிட்டது. வாடிக்கையாளர்கள் கொடுத்த போட்டோக்களை அட்டையில் ஒட்டி, வெட்டி அடுக்கியிருந்த இரண்டு பஸில் படங்களும் ஒன்றாய்க் கலந்துபோயின. இவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒட்டுப்பலகையில் கோடுகளை அறுத்து, கூர்த்தகட்டைக் குறடால் வளைத்துச் செருகி, கார் ஜாக்கியால் அழுத்தி வெட்டும்படி புருஷனும் இவளும் அடுப்படியில் செய்த அச்சு அது. அட்டையைக் குப்புறப் போட்டு வெட்டியதால் படங்களை இவள் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. இருந்த ஒரே அச்சில் வெட்டியவை; இந்தப் படத்தின் துண்டு அந்தப் படத்திலும் கச்சிதமாக உட்கார்ந்து தொலைத்தது.

உள்ளே புருஷன் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். இந்தப் புதுத் தொழிலில் முதல் வேலையே தேறாவிட்டால் கடல் தாண்டிய பழைய வேலைக்கே போய்விடுவதாகச் சொல்லியிருந்தான். அவனைக் கூப்பிட இவளுக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒருத்தி வந்து நின்றாள். கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குப் பிறந்தநாள் பரிசாகத் தர, அவனோடு பூங்காவில் எடுத்த படத்தைக் கொடுத்திருந்தவள். மற்றது இன்னொரு பெண் கொடுத்த கடற்கரைப் படம்; அவளும் இன்றைக்குத்தான் வாங்க வருவதாக இருந்தது. இவள் நடந்ததைச் சொல்லி, நாளைக்கு வரமுடியுமா என்று கெஞ்சினாள். வந்தவள் கோபப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க பூங்கா எனக்குத் தெரியாதா? அதை நான் பொறுக்கறேன். நீங்க கடற்கரையைச் சேருங்க."

புல்லும் அலையும் மளமளவென்று பிரிந்தன. ஆனால் இரண்டிலும் ஜோடி நடுவில்தான் நின்றது. மீசை, மூக்குக்கண்ணாடி எல்லாம் இரண்டிரண்டாக வந்தன. எது எந்தப் படத்துக்கு என்று பிடிபடாமல் இவளுக்கு அழுகை முட்டியது. அவ்வளவுதான், புருஷன் கிளம்பிவிடுவான்.

வந்தவளின் கை ஒரு கணம் நின்றது. பிறகு இவள் கையிலிருந்த துண்டுகளையும் வாங்கி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் இரண்டு படங்களையும் அவளே முடித்தாள்.

எட்டிப்பார்த்த புருஷன் குனிந்து விரலால் தடவிப் பார்த்தான். ஓர் இடத்திலும் பிசிறு இல்லை. உள்ளே போனான். பெட்டியைக் கட்டிலடியில் தள்ளும் சத்தம் கேட்டது. இவளுக்குப் போன உயிர் வந்தது.

வந்தவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டுலயும் அவர்தாங்க. அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கலாமா?"