டெய்லர் மனைவியின் சிவந்த கன்னம்

"டோக்கன் எடுத்துட்டு உட்காருங்க சார்!"

நான் கத்தக் கத்தக் கேட்காமல், எங்கள் தெரு டெய்லர் தன் மனைவியை இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் புகுந்துவிட்டார்.

"அப்போ நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா?" வரிசையில் ஒரே கூச்சல். நர்ஸ் வேலையில் திட்டு வாங்குவது மட்டும் எப்போதும் நான்தான். கடுப்போடு பின்னாலேயே ஓடினேன்.

"டாக்டர், இவ முகத்தைப் பாருங்க! மறுபடியும் சிவந்திருக்கு!"

எனக்குப் பகீரென்றது.

போன வருஷம் வரை அந்த அம்மாவுக்குத் திடீர் திடீரென்று முகம் சிவக்கும். "கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் நான் வாயைத் திறந்தா இவளுக்கு வெட்கம் பாருங்க!" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் டெய்லர் பீற்றிக்கொள்வார்.

கடைசியில் பார்த்தால், சினைப்பையில் கட்டி. நியூரோஎண்டோகிரைன் கட்டியாம். அந்த இடத்தில் வருவது ரொம்ப அபூர்வம். அது சுரந்த ஏதோ ஒன்றுதான் முகத்தைச் சிவக்க வைத்திருக்கிறது. நல்லவேளை, பரவுவதற்குள் ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று. சிவப்பும் போயிற்று.

"படபடப்பு இருக்கா? வயித்துப்போக்கு?" அந்தக் கட்டியின் மற்ற அறிகுறிகளையும் டாக்டர் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல டாக்டர்..." அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"திரும்ப வந்துடுச்சா டாக்டர்?" டெய்லர் மேஜையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"பதறாதீங்க. ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்."

ஊசியைப் பார்த்ததும் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. பஞ்சால் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

பஞ்சு முழுக்க ரோஸ் கலர்!

"என்னம்மா இது?"

"ரோஸ் பவுடர் சிஸ்டர்..."

"ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?" டெய்லர் எகிறினார்.

"பின்னே என்னங்க? உங்க பேச்சாலதான் என் சீக்கு தெரியாமப் போச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு கிண்டல் உண்டா, சிரிப்பு உண்டா? வீடு வீடாவே இல்ல. முகம் சிவந்தா பழையபடி பேசுவீங்கன்னு பார்த்தேன். இப்படித் தரதரன்னு இழுத்துட்டு வருவீங்கன்னு யார் கண்டா?"

டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்குப் பவுடர் எதுக்குடி? உன்னை மாதிரி இன்னொண்ணு தைக்கச் சொன்னா, கடவுளுக்கே அளவு தெரியாது!"

நான் சுத்தமாகத் துடைத்த கன்னம் குப்பென்று சிவந்தது.

"டாக்டர்! பாருங்க, மறுபடியும்..."

"ஐயா, இது உங்களால வந்தது. இதுக்கு என்கிட்ட மருந்து கிடையாது," என்றார் டாக்டர். "சிஸ்டர், அடுத்த டோக்கனைக் கூப்பிடுங்க!"