முகம் பார்க்காதவர்

“கொலைகாரன் முகத்தை நான் பார்த்துக்கிறேன் ஐயா. ஸ்டீயரிங் எந்தப் பக்கம், அதை மட்டும் நீங்க சொல்லுங்க.”

அவள் நீட்டிய படத்தை வாங்கிக்கொண்டு பெரியவர் ஜன்னலோரம் போனார். உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். பழைய படங்களில் இருக்கும் காரையும் லாரியையும் பார்த்து, இன்ன கம்பெனி, இன்ன வருஷம் என்று சொல்லிவிடுவார். கல்யாணப் படத்தைக் கொடுத்தாலும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் வண்டியைத்தான் பார்ப்பார். அதனால் ஊரில் அவருக்குப் பெயர் பம்பர்.

“எதுக்கும்மா இதெல்லாம்? படமே பேசுதே, வா போகலாம்” என்றார், வாசலில் நின்ற அவள் அண்ணன். அவர் கையில் சுருட்டிய பேனர். அதே படம்தான், ஆள் உயரத்துக்கு.

“இருண்ணே. இது வெளிநாட்டு வண்டி, ஸ்டீயரிங் அந்தப் பக்கம்னு அந்த மரக்கடைக்காரன் ஆளுங்க ஏதாவது அளப்பாங்க. இவர் வாயால ஒரு வார்த்தை வேணும்.”

பாலம் திறந்த நாளில் ஒரு பத்திரிகைக்காரர் எடுத்த படம் அது. அந்தப் பத்திரிகையின் பழைய நெகட்டிவ்களைத் தேடியெடுத்து, போன வாரம் கண்காட்சி வைத்திருந்தார்கள். அங்கேதான் அவள் கண்ணில் பட்டது.

மூக்கு நீண்ட ஒரு லாரி எதிரே வருகிறது. மழை நாள், நம்பர் பலகை, முன்கண்ணாடி முழுக்கச் சேறு. வைப்பர் துடைத்த இடம் மட்டும் விசிறி விரித்தாற்போல் தெளிவு. அதற்குள் இளவயது அண்ணன், சட்டைப் பையில் பேனாவோடு, பளிச்சென்று. பக்கத்தில், சேற்றுக்குப் பின்னால், அப்போது அவருக்குக் கூட்டாளியாக இருந்த மரக்கடைக்காரர். உள்ளே இருட்டு, ஸ்டீயரிங் தெரியவில்லை.

அடுத்த திருப்பத்தில்தான் அந்த லாரி அவள் கணவனைச் சைக்கிளோடு அடித்துப் போட்டது.

மரக்கடைக்காரர் ஓட்டியதாக அண்ணன் சொன்னார். அண்ணன் ஓட்டியதாக மரக்கடைக்காரர் சொன்னார். பார்த்தவர் வேறு யாருமில்லை, வழக்கு நிற்கவில்லை. அவளுக்கும் கைக்குழந்தைக்கும் அன்றிலிருந்து சோறு போட்டவர் அண்ணன்.

“முதல்ல தண்ணி குடிங்கம்மா” என்று பம்பர் சொம்பை நகர்த்தி வைத்தார். “இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு? கடவுள் பார்த்துக்குவார்.”

“அவர் பார்க்கிற வேகத்துக்கு இவன் பேரன் பேத்தி எடுத்துடுவான் ஐயா.”

பம்பர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

“என் பொண்ணு பள்ளிக்கூடம் சேர்ந்தப்போ, அவ படிக்கன்னு ஒரு மேசை செஞ்சு அனுப்பினான். செஞ்ச பாவத்துக்கு லஞ்சம்! அன்னைக்கே கோடாலியால பிளந்து வெந்நீர் போட்டேன். நாளைக்கு அவன் புதுக் கடை திறக்கிறான், ஊரே வரும். எதிர்ச் சுவத்துல இந்தப் படத்தைக் கட்டி, ‘ஓட்டினவன் இவன்’னு எழுதி வைக்கப்போறேன். அப்புறம் அந்தக் கடைக்குள்ள ஈ, காக்கா நுழையக் கூடாது.”

பம்பர் பெருமூச்சு விட்டார். பூதக்கண்ணாடியை லாரியின் மூக்கின்மேல் வைத்து நகர்த்தினார்.

“ஸ்டீயரிங் வலப்பக்கம்தான். இந்த வண்டியில வேற மாதிரி வந்ததே இல்லை. எதிரே நின்னு பார்க்கிற நமக்கு இடப்பக்கம்.”

அவள் விரல் படத்தின் இடப்பக்கம் போய் நின்றது. சேற்றுக்குப் பின்னால் மங்கிய முகம்.

“பார்த்தியாண்ணே! அவனேதான்!”

அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேனரைத் தோளில் சாய்த்தார். “நான்தான் அப்பவே சொன்னேனே. கிளம்பு, கயிறு வேற வாங்கணும்.”

“ஆனா ஒண்ணு இடிக்குதே” என்றார் பம்பர், பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என்ன ஐயா?”

“இந்த லாரியைச் செஞ்சவன் மகா கஞ்சன். வைப்பர் ஒண்ணே ஒண்ணுதான் வைப்பான், அதுவும் டிரைவருக்கு முன்னாடி. பக்கத்துல உட்கார்ந்தவன் சேத்தைப் பார்த்துக்கிட்டே வரவேண்டியதுதான். இதுல வைப்பர் நமக்கு வலப்பக்கம் இருக்கு. நீங்க கொஞ்சம் ஆளுங்களைப் பாருங்கம்மா. சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கு?”

அவள் குனிந்து பார்த்தாள். பேனா செருகிய பை தெளிவாகத் தெரிந்தது.

“வலது மார்புல.”

“எந்தத் தையல்காரர் வலப்பக்கம் பை வைப்பார்? சரிதான், நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்காங்க. எல்லாமே இடம் வலமா மாறிக் கிடக்கு.”

அண்ணனின் கை தானாக இடது மார்புக்குப் போனது. அங்கே பையில் பேனா இருந்தது. தோளிலிருந்து வழுக்கிய பேனர் தரையில் விழுந்து, பாதி விரிந்து நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“அப்போ... ஓட்டினது?”

பம்பர் பூதக்கண்ணாடியைத் துடைத்து உறைக்குள் போட்டார்.

“வைப்பருக்குப் பின்னாடி இருக்கிறவர்தாம்மா. யாருன்னு நீங்களே பாருங்க, நான் முகம் பார்க்கிறதில்லை.”