இரண்டு மணி இருட்டு

எல்லாம் சரியாக இருந்தும் நெல் கதிர் விடவில்லை.

எழிலரசி தொட்டிகளுக்குப் பின்னால், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கும்மிருட்டு. வெளியே கலிபோர்னியாவின் பிளசன்டனில் மதியம் இரண்டு மணி வெயில்.

நெல் பகலை அளப்பதில்லை, இரவை அளக்கிறது. அதிலும் பழைய சம்பா ரகங்களுக்கு நீளமான, உடையாத இருட்டு வேண்டும். நடுவில் பத்து நிமிடம் விளக்கு எரிந்தால் போதும், செடி அதை இரண்டு குட்டி இரவுகளாக எடுத்துக்கொள்ளும். இன்னும் கோடைதான் போலிருக்கிறது என்று இலையாக விட்டுக்கொண்டே போகும்.

அதற்காகத்தான் ஜன்னல் இல்லாத இந்த அறை. ராத்திரியில் மின்கட்டணம் குறைவு. அதனால் ஊர் தூங்கும்போது செடிகளுக்குப் பகல், ஊர் வேலை செய்யும்போது இரவு.

அந்த இரவை யாரோ உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெளிச்சத்தை நிமிடவாரியாகப் பதியும் ஒளிமானி அதைக் காட்டிவிட்டது. ஆள் நுழைந்தால் தானாக எரியும் கூரை விளக்கு, தினமும் இருட்டின் நடுவில் எரிந்திருந்தது. கதவின் ரகசிய எண் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருவன் பக்கத்து அறையில் தன் குட்டை ரகத்தை வளர்க்கும் கிரீஷ்.

உப்பு மண்ணைத் தாங்கும் நெல்லைத்தான் இருவரும் தேடினார்கள். இரண்டில் ஒன்றைத்தான் கம்பெனி அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகும். அவளுடைய பதினாறு வருட ஆராய்ச்சி, கதிர் விடாத இந்தச் செடிகளில் நின்றது.

"என்ன எழில், உன் மகாராணி இன்னிக்காவது மனசு வெச்சாங்களா?" என்று தினமும் காலையில் காபி கோப்பையோடு வந்து கேட்பான்.

இன்று காலை அவள் அவன் மேல் எச்.ஆரில் புகார் கொடுத்துவிட்டாள். மூன்று மணிக்கு அவனை அழைத்திருக்கிறார்கள். வேலை போனால் அவன் விசாவில் அமெரிக்காவில் இருக்க அறுபது நாள்தான் அவகாசம். அது தெரிந்துதான் கொடுத்தாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் பேச்சே இருக்காது. இந்த ஓர் இரவு பாழானாலும் பரவாயில்லை என்று உள்ளே வந்து, கைப்பையைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அசையாமல் இருந்ததும் விளக்கு அணைந்தது.

கால் மரத்தது. மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.

பளீரென்று விளக்கு எரிந்தது.

"கிரீஷ்!"

துள்ளி எழுந்தாள். யாரும் இல்லை. கதவு சாத்தியே இருந்தது. கைப்பிடியில் பை ஆடாமல் தொங்கியது.

தான்தான் அசைந்துவிட்டோமோ?

மறுபடி உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. இருட்டில் கண்ணைத் திறந்தபடி காத்திருந்தாள். மணி இரண்டரை தாண்டியிருக்கும்.

ஏசி உறுமத் தொடங்கியது. குளிர்காற்று தலைக்கு மேல் சீறியது. சரசரவென்று ஒரு சத்தம்.

விளக்கு.

அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய சம்பா, ஆள் உயரம் தாண்டி, மேசையிலிருந்து கூரை வரை எட்டியிருந்தது. நுனி இலைகள் விளக்கின் சென்சாரின் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தன. கொஞ்சம் சூடாக ஏதோ ஒன்று நகர்கிறது என்பதுதான் அந்தக் கண்ணுக்குத் தெரியும். மனிதனா இலையா என்று தெரியாது. குளிர்காற்றில் வெதுவெதுப்பான இலை ஆடியதும், ஆள் வந்துவிட்டதாக எண்ணி விளக்கைப் போட்டது.

கிரீஷின் குட்டை ரகம் அந்த உயரத்துக்கு ஒருநாளும் வராது. அவன் அறையிலும் இதே விளக்குதான்; அங்கே இரவு உடையாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அவசரத்தில் டேப் இரண்டு முறை கீழே விழுந்தது.

நடைக்கூடத்தில் கிரீஷ் எதிரே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை.

"எச்.ஆர்ல மூணு மணிக்கு வரச் சொல்லிருக்காங்க. கிரீன் கார்டு விஷயமா இருக்குமோ? உனக்கு ஏதாவது தெரியுமா எழில்?"

அவனோடு நடந்தாள். "நீ எங்க வர்ற?" என்று அவன் சிரித்தபோதும் நிற்கவில்லை.

எச்.ஆர் அறையில் அவன் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் சொல்லிவிட்டாள். புகார் கொடுத்தது தான்தான். அறைக்குள் ஒருவரும் நுழையவில்லை. செடி ஆடியது, விளக்கு எரிந்தது.

கிரீஷ் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றான். உட்காரவில்லை.

சென்சாரைக் கறுப்பு டேப் ஒட்டி மூடியாகிவிட்டது என்றாள். இனி இரவு உடையாது. ஒரு மாதத்தில் கதிர் வந்துவிடும்.