களைக்கு மட்டும் மருந்து

"உங்க வீட்டுக் களைதான்யா வேலி தாண்டி என் புல்வெளிக்குள்ள வருது!" ரிட்டயர்டு மேனேஜரின் குரல் தெருமுனைவரை கேட்டது.

"கோவப்படாதீங்க சம்பந்தி," என்றார், மகனுக்குப் பெண் கேட்டு வந்திருந்த பக்கத்து வீட்டு டெய்லர்.

"யாருக்கு யாரு சம்பந்தி? களை வளக்குற வீட்டுக்கு என் பொண்ணு வரமாட்டா!"

அன்றைக்கே மேனேஜர், புல்லைத் தொடாமல் களையை மட்டும் கொல்லும் மருந்தை வாங்கிவந்து அடித்தார். ஒரே வாரத்தில் மொத்தத் தோட்டமும் கருகிப்போனது.

"புல்லுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதியிருக்கான், ஏமாத்துக்காரன்!" என்று டப்பாவை ஆட்டிக் கத்தினார்.

"ஆகலையேப்பா," என்றாள் மகள். "வேலியோரம் பாருங்க, பச்சையாத்தான் இருக்கு."

அந்த ஒரு சாண் பச்சை, டெய்லர் வீட்டிலிருந்து படர்ந்து வந்த புல். இத்தனை வருஷம் யாரையும் மிதிக்கவிடாமல் மேனேஜர் தண்ணீர் ஊற்றிக் காத்ததெல்லாம் அசல் களை.

மகள் வேலிக்கு அந்தப் பக்கம் மருமகளாகப் போய்விட்டாள். மேனேஜர் மூன்றாம் மாடி வீடொன்றுக்குக் குடிபோய், பால்கனியில் பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறாராம்.